மேப்பில் தேடி எடுத்த பட்டியல் மறுநாள் காணோமா? தற்காலிகத் தேடல் முடிவுகளைக் கண்டுபிடிப்பதும் சேமிப்பதும் எப்படி?

ஆய்க்குடியைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் எத்தனை குளங்கள் இருக்கின்றன? கணினியில் மேப் மென்பொருளைத் திறந்து இந்தக் கேள்வியைக் கேட்டால், சில விநாடிகளில் பதில் கிடைத்துவிடும். அந்தக் குளங்கள் மட்டும் தனி லேயராக வந்து நிற்கும். 'வேலை முடிஞ்சுது' என்று புராஜெக்ட்டை சேவ் செய்துவிட்டு மூடிவிடுவோம். மறுநாள் திறந்தால் லேயரின் பெயர் அப்படியே இருக்கும். உள்ளே ஒரு குளம்கூட இருக்காது.

மேப் மென்பொருளில் புதிதாக வேலை பழகும் பலருக்கும் நடக்கிற விஷயம் இது. மென்பொருள் கெட்டுப்போகவில்லை, ஃபைலை யாரும் அழிக்கவும் இல்லை. திரையில் தெரிந்த அந்தப் பதில், ஹார்டு டிஸ்க்கில் ஒருபோதும் எழுதப்படவே இல்லை. அவ்வளவுதான்.

இது ஏன் நடக்கிறது, போனதை எங்கே தேடலாம், எப்படிச் சேமித்தால் பிறகு கைகொடுக்கும்? ஆய்க்குடிக் குளங்களையே எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

ஏன் ஆய்க்குடி?

தென்காசி அருகே உள்ள ஆய்க்குடி பேரூராட்சியை, பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலாலும், மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-ல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கத்தாலும் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது அனுமன் நதிக்கரை ஊர். மேக்கரையில் 132 அடி உயரமுள்ள அடவிநயினார் அணை இந்த நதியில்தான் கட்டப்பட்டிருக்கிறது. அனுமன் நதி சிற்றாற்றில் சேர்கிறது. சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிறது.

இந்தப் பகுதியில் குளங்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். எனவே பட்டியலில் ஒரு குளம் விடுபட்டால், அந்த ஒன்றோடு கணக்கு நிற்காது. அதற்குக் கீழே இருக்கும் குளங்களுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதும் தவறாகிவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்படி ஒரு இரவில், 'எந்தக் குளத்துக்குக் கீழே எந்தத் தெரு இருக்கிறது' என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். போன மாதம் எடுத்துவைத்த பட்டியலைத் திறக்கும்போது அது காலியாக இருந்தால், திரும்ப எடுக்க அந்த நேரத்தில் கரன்ட்டும் இருக்காது, நெட்டும் இருக்காது.

திரையில் தெரியும் பதில் எங்கே இருக்கிறது?

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துப் பார்ப்போம். கேரி ஷெர்மன் 2002-ல் தொடங்கிய இந்த மென்பொருள், மாணவர்களிடமும் தன்னார்வ அமைப்புகளிடமும் இன்று அதிகம் புழங்குகிறது. இதில் தேடல் முடிவு நான்கு விதமாகத் திரையில் தெரியலாம். நான்கும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மூடித் திறந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

முதலாவது, தேர்வு. 'செலக்ட் பை எக்ஸ்பிரஷன்' மூலம் தேடினால், பொருந்தும் குளங்கள் மஞ்சளாக மாறும். இது தனி லேயரே அல்ல. புத்தகத்தில் விரலை வைத்துக் காட்டுவது போலத்தான். விரலை எடுத்தால் அடையாளம் போய்விடும்.

இரண்டாவது, ஃபில்டர். லேயரின் மீது ரைட் கிளிக் செய்து 'ஃபில்டர்' போட்டால், நிபந்தனைக்குப் பொருந்தாதவை மறையும். மூல டேட்டாவில் எதுவும் மாறாது. புராஜெக்ட்டை சேவ் செய்தால் அந்த நிபந்தனையும் சேர்ந்து சேவ் ஆகும். இங்கே சேமிக்கப்படுவது கேள்விதான். பதில், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாக எடுக்கப்படுகிறது.

மூன்றாவது, தற்காலிக லேயர். 'பஃபர்', 'எக்ஸ்ட்ராக்ட் பை லொகேஷன்' போன்ற கருவிகளை ஓட்டும்போது, முடிவை எங்கே வைப்பது என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் எதுவும் நிரப்பாவிட்டால் 'தற்காலிக லேயர்' என்றே எடுத்துக்கொள்ளும். முடிவு, கணினியின் மெமரியில் மட்டும் இருக்கும். புராஜெக்ட் ஃபைலில் அதன் பெயரும் நெடுவரிசைத் தலைப்புகளும் மட்டும் பதிவாகும். மறுநாள் காலியாகத் திறக்கும் லேயர் இதுதான்.

நான்காவது, தற்காலிக ஃபைல். செயற்கைக்கோள் படம், உயர வரைபடம் போன்ற ராஸ்டர் வகை முடிவுகள் பெரியவை என்பதால், கணினியின் 'டெம்ப்' ஃபோல்டரில் ஃபைலாக எழுதப்படும். அந்த ஃபோல்டர் எப்போது வேண்டுமானாலும் சுத்தம் செய்யப்படலாம். சில கணினிகளில் ரீஸ்டார்ட் செய்தாலே போய்விடும்.

தற்காலிக லேயரை அடையாளம் காண்பது எப்படி?

லேயர்கள் வரிசையாகத் தெரியும் இடதுபக்கப் பட்டியலைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் சிறிய சிப் போன்ற ஐகான் இருந்தால், அது மெமரியில் மட்டும் இருக்கும் லேயர். பெயரின் மீது மவுஸை வைத்து நிறுத்தினால், அது எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்ற விவரம் தெரியும். அங்கே ஃபைலின் பாதை தெரியாவிட்டாலோ, 'டெம்ப்' என்ற சொல் தெரிந்தாலோ, உடனே சேமித்துவிடுங்கள்.

மென்பொருளை மூடும்போது 'தற்காலிக லேயர்கள் உள்ளன, அவை நிரந்தரமாக அழியும்' என்று ஒரு எச்சரிக்கை வரும். அவசரத்தில் பலரும் படிக்காமலே 'ஓகே' தட்டிவிடுகிறார்கள். ஆனால் கரன்ட் போனாலோ, மென்பொருள் திடீரென நின்றாலோ, அந்த எச்சரிக்கைகூட வராது.

சேமிப்பது எப்படி?

* மஞ்சள் தேர்வு என்றால்: லேயரின் மீது ரைட் கிளிக், 'எக்ஸ்போர்ட்', பிறகு 'சேவ் செலக்டட் ஃபீச்சர்ஸ் ஆஸ்'. 'செலக்டட்' என்பதைக் கவனிக்காமல் மற்றதை அழுத்தினால், ஆய்க்குடிக் குளங்களோடு மாநிலம் முழுக்க உள்ள குளங்களும் சேவ் ஆகிவிடும்.
* தற்காலிக லேயர் என்றால்: அந்தச் சிப் ஐகானையே கிளிக் செய்யலாம். அல்லது ரைட் கிளிக் செய்து 'மேக் பெர்மனென்ட்'. ஃபைல் பெயர், இடம் கொடுத்தால் போதும்.
* கருவியை ஓட்டும் முன்பே என்றால்: முடிவுக்கான கட்டத்தில் ஃபைல் பெயரைக் கொடுத்துவிடுங்கள். பிறகு மறந்துபோகும் பேச்சுக்கே இடமில்லை.
* காப்பி-பேஸ்ட் செய்து புது லேயர் உண்டாக்கினால்: எச்சரிக்கை, அதுவும் தற்காலிக லேயராகவே வரலாம். ஐகானைப் பாருங்கள்.

அடிக்கடி மறப்பவர்களுக்கு 'மெமரி லேயர் சேவர்' என்ற பிளகின் இருக்கிறது. புராஜெக்ட்டை சேவ் செய்யும்போது தற்காலிக லேயர்களின் உள்ளடக்கத்தையும் பக்கத்தில் ஒரு ஃபைலாக எழுதிவைக்கும். நல்ல உதவிதான். ஆனால் அந்தப் புராஜெக்ட்டை இன்னொருவருக்கு அனுப்பும்போது அந்தத் துணை ஃபைலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அவரிடமும் பிளகின் இருக்க வேண்டும்.

மூடியாச்சு. இப்போ என்ன செய்வது?

மெமரியில் மட்டும் இருந்த பதில் திரும்பக் கிடைக்காது. ஆனால் கேள்வி கிடைக்கும். கியூஜிஐஎஸ்ஸில் 'பிராசஸிங்' மெனுவின் கீழ் 'ஹிஸ்டரி' என்று ஒன்று உண்டு. எந்தத் தேதியில், எந்தக் கருவியை, என்ன தூரம் கொடுத்து ஓட்டினீர்கள் என்பது அங்கே வரிசையாக இருக்கும். தேவையானதை டபுள் கிளிக் செய்தால், அதே விவரங்களோடு கருவி திறக்கும். மீண்டும் ஓட்டி, இந்த முறை ஃபைல் பெயர் கொடுத்துவிடலாம்.

எழுதித் தேடிய நிபந்தனைகளும் அதேபோலத்தான். 'செலக்ட் பை எக்ஸ்பிரஷன்' ஜன்னலில் 'ரீசன்ட்' என்ற பகுதியில் சமீபத்திய நிபந்தனைகள் கிடைக்கும். ராஸ்டர் முடிவு என்றால், கணினியை ரீஸ்டார்ட் செய்யாமல் முதலில் டெம்ப் ஃபோல்டருக்குப் போய், 'பிராசஸிங்' என்று தொடங்கும் ஃபோல்டர்களைத் தேதி வாரியாகப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஃபைல் இன்னும் இருக்கும்.

எந்த ஃபைல் வகை? தமிழுக்கு இது முக்கியம்

பழக்கதோஷத்தில் பலரும் 'ஷேப்ஃபைல்' வகையில் சேமிக்கிறார்கள். 1990-களில் வந்த இந்த வகையில் நெடுவரிசைத் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 'குளம்' என்ற சின்னச் சொல்லில் உயிர்மெய்க் குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 5 குறியீடுகள். அதாவது 15 பைட். 'குளம்' என்று தலைப்பு வைக்கக்கூட ஷேப்ஃபைலில் இடமில்லை!

இன்னொரு சிக்கல், ஷேப்ஃபைல் என்பது ஒரே ஃபைல் அல்ல. குறைந்தது மூன்று ஃபைல்கள் சேர்ந்தால்தான் வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு, 'ஏன்ப்பா திறக்கல?' என்று கேட்பது வாடிக்கை.

2014-ல் தரநிலையாக அறிவிக்கப்பட்ட 'ஜியோபேக்கேஜ்' வகையில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஒரே ஃபைல், பல லேயர்கள், தமிழ்ப் பெயர்கள் அப்படியே நிற்கும். ஒரே ஒரு ஜாக்கிரதை: ஏற்கெனவே இருக்கும் ஜியோபேக்கேஜ் ஃபைலில் புது லேயரைச் சேர்க்கும்போது, 'ஃபைலை மாற்றி எழுதவா, லேயரை மட்டும் மாற்றி எழுதவா' என்று கேட்கும். 'ஃபைலை' என்று அழுத்தினால், அதற்குள் முன்பு வைத்திருந்த மற்ற லேயர்களும் போச்சு.

ஃபைல் வகை என்பது சின்ன விஷயம் என்று தோன்றலாம். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். கொரோனா பரிசோதனை முடிவுகள், எக்ஸெல்லின் பழைய ஃபைல் வகைக்கு மாற்றப்பட்டபோது, அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாததால் மீதி விடுபட்டது. 15,841 தொற்று விவரங்கள் தினசரிக் கணக்கில் வராமல் போயின. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறியும் பணி தாமதமானது. தேடல் சரியாகத்தான் நடந்தது. சேமித்த இடம்தான் தவறு.

பதிலோடு கேள்வியையும் சேமியுங்கள்

'ஆய்க்குடி குளங்கள்' என்று ஒரு ஃபைல் மட்டும் இருந்தால், ஆறு மாதம் கழித்து அதை எடுத்தவரே நம்ப முடியாது. எந்த டேட்டாவிலிருந்து? எவ்வளவு தூரம்? குளம் என்றால் எது? நம் ஊர்ப் பெயர்களில் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு பள்ளம்.

*சொல்:* நெல்லை, தென்காசிப் பக்கம் குளம். மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய். வட மாவட்டங்களில் ஏரி. 'ஏரி' என்ற சொல்லை வைத்து மாநிலம் முழுக்கத் தேடினால், ஆய்க்குடிப் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்காது. மாறாக, பெயரில் 'குளம்' என்று முடிவதை எல்லாம் எடு என்றால், தென்காசி மாவட்டத்தின் ஆலங்குளம் ஊரும் நீர்நிலையாக வந்து நிற்கும்.

*ஊர்:* ஆய்க்குடி வேறு, பழனி பக்கத்து ஆயக்குடி வேறு. ஆங்கில எழுத்தில் தேடும்போது இரண்டும் எளிதில் குழம்பும். ஆய்க்குடி வட்டாரத்திலேயே 'வடகரை' என்று தேடினால், அச்சன்புதூர் பக்கத்து வடகரையும் வரும், சாம்பவர்வடகரையும் வரும்.

*ஆண்டு:* தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 22-ல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட எல்லை லேயர்களில் ஆய்க்குடி, திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கும். 'மாவட்டம் தென்காசி' என்று அதில் தேடினால் விடை பூஜ்ஜியம். மென்பொருள் பொய் சொல்லவில்லை, பழைய உண்மையைச் சொல்கிறது.

*தூரம்:* மேப் டேட்டா அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும்போது பஃபர் கருவியில் வெறுமனே 5 என்று கொடுத்தால், அது 5 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். ஆய்க்குடியிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர்! கொழும்பும் பெங்களூரும் வட்டத்துக்குள் வந்துவிடும். தென்காசி வட்டாரத்துக்கு 'யுடிஎம் 43 வடக்கு' என்ற அளவுமுறைக்கு மாற்றிக்கொண்டு, மீட்டரில் கொடுப்பது சரி. 78 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருக்கும் தூத்துக்குடி நகரம் 44-வது மண்டலத்தில் வரும்.

ஆகவே ஃபைலோடு நான்கு வரிகள் எழுதிவையுங்கள்: டேட்டா எங்கிருந்து, எந்தத் தேதியில் இறக்கியது, என்ன நிபந்தனை, என்ன தூரம், எந்த அளவுமுறை, எத்தனை முடிவுகள் வந்தன. கடைசி எண்ணிக்கை மிக முக்கியம். அடுத்த முறை திறக்கும்போது அதே எண் வந்தால், ஃபைலில் எதுவும் விடுபடவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

மாறும் பதிலா, மாறாத பதிலா?

ஃபில்டர், விர்ச்சுவல் லேயர், டேட்டாபேஸில் 'வியூ' ஆகியவை கேள்வியை மட்டும் வைத்திருப்பவை. மூல டேட்டா மாறினால் பதிலும் மாறும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற டேட்டாவில், இன்று 12 குளம் என்று வந்த இடத்தில் அடுத்த மாதம் 14 என்று வரலாம். தினசரிக் கண்காணிப்புக்கு இதுதான் வசதி.

ஆனால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குளத்து ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ல் இயற்றப்பட்ட தனிச் சட்டமே தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்த மனுவோடு இணைக்கும் மேப், கொடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே பிறகும் இருக்க வேண்டும். அதற்கு, தேதியிட்ட தனி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்த நகல்தான் உதவும். மேப்பில் தெரியும் குளத்தின் எல்லையைச் சட்டப்படியான எல்லையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு வருவாய்த் துறையின் புல வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மற்ற மென்பொருள்களில்?

மேப்இன்ஃபோவில் ஒவ்வொரு தேடலும் 'க்வெரி1', 'க்வெரி2' என்று தானாகப் பெயர் எடுக்கும். 'சேவ் காப்பி ஆஸ்' கொடுத்தால்தான் அது தனி டேபிள். ஆர்க்ஜிஐஎஸ் புரோவில் 'மெமரி' என்ற இடத்துக்கு அனுப்பிய முடிவுகள், மென்பொருளை மூடினால் போய்விடும். கூகுள் எர்த் புரோவில் புதிதாகத் திறந்தவை 'தற்காலிக இடங்கள்' பட்டியலில் இருக்கும். 'என் இடங்கள்' பகுதிக்கு மாற்றினால் நிற்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'டெம்பரரி டேபிள்' உண்டாக்கினால், இணைப்பைத் துண்டித்ததும் அது மறையும்.

போனில் கூகுள் மேப்ஸ் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான். தேடல் முடிவு திரையில் இருக்கும்வரைதான். ஒவ்வொரு இடத்தையும் 'சேவ்' அழுத்தி ஒரு பட்டியலில் சேர்த்தால்தான் நாளை கிடைக்கும்.

வேலை தேடுவோர் கவனத்துக்கு

2021 பிப்ரவரி 15-ல் மத்திய அரசு மேப் டேட்டாவுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கை வந்தது. இந்தத் துறைக்குள் வரும் இளைஞர்கள் கருவிகளை ஓட்ட சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். எடுத்த முடிவை இன்னொருவர் சரிபார்க்கும்படி வைப்பதுதான் அடுத்த படி.

அதற்கு நல்ல வழி, சேமித்த ஜியோபேக்கேஜை 'கியூஃபீல்டு' செயலியில் ஏற்றி, போனோடு குளத்துக் கரைக்கே போய்விடுவது. நெட் இல்லாமலும் வேலை செய்யும். அங்கே மடையையும் மறுகாலையும் பார்த்து, ஊர்ப் பெரியவர்களிடம் குளத்தின் பெயரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். தற்காலிக லேயரைக் கரைக்குக் கொண்டுபோக முடியாது; ஃபைலாக இருந்தால்தான் முடியும்.

மூடும் முன் ஒரு நிமிடம்

* லேயர் பட்டியலில் சிப் ஐகான் ஏதாவது தெரிகிறதா?
* ஃபைல் பெயரில் ஊர், பொருள், தூரம், தேதி நான்கும் இருக்கின்றனவா?
* எண்ணிக்கையைக் குறித்தீர்களா?
* புராஜெக்ட்டை மூடி, சேமித்த ஃபைலை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தீர்களா? திரையில் குளங்கள் தெரிந்தால், சேமித்தாயிற்று.